மூக்கில் சொட்டுவது சளிதானா?

கன்னியாகுமரி மாவட்டத்தில் மூக்கொழுகலை எவரும் பொருட்படுத்துவதில்லை. தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழையும் பெய்யும் மண். தடிமன் பிடித்தால் ஆவி பிடித்துவிட்டு வேலைக்குப் போகிறோம். எண்டோஸ்கோப்பி மூலம் சைனஸ் அறுவை சிகிச்சை செய்துகொண்டவருக்கு மட்டும் இந்த அலட்சியம் ஆபத்தாகலாம்.

மூக்கின் கூரைதான் மூளை அமர்ந்திருக்கும் தரை. அங்குள்ள சல்லடை எலும்பின் பக்கச்சுவர், சிலருக்கு 0.2 மில்லிமீட்டர் தடிமன்கூட இல்லாதது. அக்கூரையின் நடுவில் உள்ள பள்ளத்தின் ஆழத்தை 1962-இல் கெரோஸ் வகைப்படுத்தினார்: சிலருக்கு 3 மில்லிமீட்டருக்குள், சிலருக்கு 8 முதல் 16 வரை. பள்ளம் ஆழமாக ஆக, மெல்லிய சுவர் கருவிக்கு எதிரே கூடுதலாக வெளிப்படும். ஒரே ஆளுக்கு இடப்பக்கமும் வலப்பக்கமும் மாறுபடுவதுண்டு. சி.டி. ஸ்கேன் படத்தை ஊன்றிப் படிக்காமல் கத்தி எடுக்கலாகாது என்பது இதனால்தான்.

இக்காயம் நூற்றில் ஒருவருக்கும் குறைவாகவே நேர்கிறது. மேசையிலேயே கண்டுகொண்டால், நோயாளியின் மூக்குச் சவ்வையோ தொடைத்தசையின் உறையையோ கொண்டு அடைத்துவிடலாம். பெரும்பாலும் முதல் முயற்சியே பலிக்கும். கண்ணில் படாமல் போவதே கேடு. மூளையைச் சூழ்ந்த திரவம் மூக்கு வழியே கசியும். அதே வழியில் கிருமி ஏறினால் மூளை உறைக் காய்ச்சல்.

2008-இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம், சிகிச்சையின் தன்மை, மாற்று வழி, கணிசமான ஆபத்து ஆகியவற்றைச் சொல்லிப் பெறுவதே உண்மையான ஒப்புதல் என்றது. அரிதினும் அரிதான ஆபத்துகளை விளக்க வேண்டியதில்லை என்றும் கூறியது. சட்டம் அங்கே நிற்கட்டும். மருத்துவர் அங்கே நிற்கலாகாது என்பது என் எண்ணம். சொன்னால் நோயாளி பயந்தோடுவார் என்பார்கள். ஓடுபவர் சிலர் இருக்கலாம். ஆனால், ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனையிலிருந்து பேச்சிப்பாறைக்குத் திரும்பியவரின் மூக்கைக் கவனிக்கப்போவது மருத்துவர் அல்லர், வீட்டார். தெரியாதவர் மருந்துக்கடையில் சளி மாத்திரை வாங்குவார்.

வீடு திரும்பும் சீட்டில் தமிழில் சில வரிகள் போதும்: ஒரு துளையில் மட்டும் தெளிந்த நீர், குனிந்தால் சொட்டுகிறது, தொண்டையில் உப்புக் கரிக்கிறது என்றால் மூக்கைச் சிந்தாதீர்கள், அன்றே வாருங்கள். காய்ச்சல், வாந்தி, கழுத்து விறைப்பு சேர்ந்தால் இரவானாலும் காத்திருக்காதீர்கள்.