மருத்துவமனையில் பிறந்த "மம்ப்ஸ்"

மம்ப்ஸ் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருது மக்களே?

கன்னம் இரண்டும் உப்பி, வாயைத் திறக்க முடியாமல் குழந்தை அழும். நம்ம ஊரில் "பொன்னுக்கு வீங்கி" என்போம். கழுத்தில் தங்கச் சங்கிலி போட்டுவிட்டு, "டாக்டர், செயின் போட்டும் வீக்கம் வத்தலையே" என்று ஓபிக்கு வரும் அம்மாக்களை இன்றும் பார்க்கிறேன்.

(அது வைரஸ் தொற்று. பெரும்பாலும் தானாகவே சரியாகும். தங்கத்துக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை.)

ஆனால் இன்று பேசப் போவது அந்த மம்ப்ஸ் பற்றி அல்ல.

மம்ப்ஸ் என்ற பெயரிலேயே ஒரு கணினி மொழி இருக்கிறது. அது பிறந்ததே ஒரு மருத்துவமனையில்தான். சுமார் 60 வயதாகியும் இன்னும் உயிரோடு இருக்கிறது. அதை மாற்றப் போய் அமெரிக்கா பட்ட பாட்டில் நமக்கெல்லாம் ஒரு பாடம் இருக்கிறது.

வாங்க, பார்ப்போம்.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரம். மாசசூசெட்ஸ் ஜெனரல் ஹாஸ்பிடல். 1966-67 காலகட்டம்.

அங்கே ஆக்டோ பார்னெட் என்ற மருத்துவர் ஒரு கணினி ஆய்வகம் நடத்தி வந்தார். அந்த ஆய்வகத்தில் நீல் பாப்பலார்டோ, கர்டிஸ் மார்பிள், ராபர்ட் கிரீன்ஸ் ஆகியோர் சேர்ந்து ஒரு புதிய மொழியை உருவாக்கினார்கள். இவர்களில் கிரீன்ஸ் மருத்துவம் படித்தவர்.

"மாசசூசெட்ஸ் ஜெனரல் ஹாஸ்பிடல் யுடிலிட்டி மல்டி புரோகிராமிங் சிஸ்டம்" என்ற நீண்ட பெயரின் சுருக்கம்தான் மம்ப்ஸ்.

கையில் இருந்தது பிடிபி-7 என்ற கணினி. இன்று உங்கள் போனில் எடுக்கும் ஒரே ஒரு போட்டோவைக்கூட அதன் நினைவகத்தில் வைக்க முடியாது. அந்த இடத்துக்குள் பல பேர் ஒரே நேரத்தில் நோயாளிகளின் விவரங்களைப் பார்க்கவும் எழுதவும் வேண்டும்.

அதனால் கட்டளைகளை ஒற்றை எழுத்தாகச் சுருக்கும் வசதி வைத்தார்கள். "செட்" என்பதற்கு எஸ், "ரைட்" என்பதற்கு டபிள்யூ. ஒரு விவரத்தை அழிக்க வேண்டுமா? அதற்கான கட்டளை "கில்", சுருக்கமாக கே. ஆஸ்பத்திரிக்காக எழுதிய மொழியில் "கில்" என்று பெயர் வைத்த தைரியத்தை என்னவென்று சொல்ல!

ஆனால் அதன் உண்மையான பலம் வேறு.

எங்கள் வார்டில் இருக்கும் கேஸ் ஷீட்டை நினைத்துப் பாருங்கள். காய்ச்சலில் வந்து மறுநாள் வீட்டுக்குப் போனவருக்கு மூன்று பக்கம். இரண்டு மாதம் படுத்திருந்தவருக்கு முந்நூறு பக்கம். எல்லோருக்கும் ஒரே அளவில் கட்டம் போட்டு வைத்தால் பாதிக் கட்டம் காலியாகவே கிடக்கும்.

மம்ப்ஸ் கட்டம் போடவில்லை. மரம் வளர்த்தது. நோயாளி ஒரு அடிமரம். அதிலிருந்து கிளையாக அவர் வந்த ஒவ்வொரு தேதி. அதிலிருந்து கிளையாக ஒவ்வொரு பரிசோதனை. அதன் நுனியில் இலையாக முடிவு. தேவைப்படும் இடத்தில் மட்டும் கிளை விடும். தகவலைச் சேமிக்கத் தனியாக இன்னொரு மென்பொருளும் வேண்டாம், மொழிக்குள்ளேயே அந்த வசதி இருந்தது.

இது அன்று பெரிய விஷயம் மக்களே.

அடுத்து, அமெரிக்க அரசின் முன்னாள் ராணுவத்தினர் நலத்துறை. போரிலிருந்து திரும்பியவர்களுக்கு நாடு முழுக்க மருத்துவமனைகள் நடத்தும் துறை அது. 1970களின் கடைசியில் டெட் ஓ'நீல், மார்ட்டி ஜான்சன் என்ற இருவர், அந்த மருத்துவமனைகளிலேயே புரோகிராமர்களை உட்கார வைத்து, மம்ப்ஸில் மென்பொருள் எழுத வைத்தார்கள். மருத்துவர் பக்கத்தில் நின்று "எனக்கு இது வேணும்" என்பார். எழுதித் தருவார்கள். "இது சரியில்ல" என்பார். மாற்றித் தருவார்கள்.

தலைமையகத்துக்கு இது பிடிக்கவில்லை. சில இடங்களில் கணினிகளைப் பிடுங்கினார்கள். சிலருக்கு வேலையே போனது. இவர்கள் விடவில்லை. தங்களுக்கு "அண்டர்கிரவுண்ட் ரயில்ரோடு" என்று பெயர் வைத்துக்கொண்டு ரகசியமாகத் தொடர்ந்தார்கள். கடைசியில் 1982ல் அரசே அதை அங்கீகரித்தது. பின்னாளில் அதற்கு "விஸ்டா" என்று பெயர் வந்தது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த கதை ஒரு செவிலியருடையது.

கான்சாஸ் மாகாணம், டொபீகா நகர மருத்துவமனையில் வேலை பார்த்த சூ கின்னிக். 1990களின் தொடக்கத்தில் ஒரு நாள் வாடகைக் காரைத் திருப்பிக் கொடுக்கப் போனார். அங்கிருந்த ஊழியர் கையில் ஒரு ஸ்கேனரை வைத்து, காரில் இருந்த பார்கோடைப் படித்துக் கணக்கை முடித்தார்.

"காருக்கே இதைச் செய்ய முடியும்னா, நோயாளிக்குக் கொடுக்கிற மாத்திரைக்கு ஏன் முடியாது?"

அவருக்கு எழுந்தது இந்தக் கேள்விதான். நோயாளியின் கைப்பட்டையை ஸ்கேன் செய், மருந்தை ஸ்கேன் செய், இரண்டும் பொருந்தினால் மட்டும் கொடு. 2000ஆம் ஆண்டு வாக்கில் இந்த முறை அந்தத் துறையின் மருத்துவமனைகள் அனைத்துக்கும் போய்ச் சேர்ந்தது.

2005ல் கத்ரீனா புயல் நியூ ஆர்லியன்ஸைச் சிதைத்தபோது, ஊரில் எத்தனையோ பேரின் காகித மருத்துவ ஆவணங்கள் தண்ணீரோடு போயின. விஸ்டாவில் இருந்த முன்னாள் வீரர்களின் ஆவணங்களை வேறு ஊர் மருத்துவர்களால் திறந்து பார்க்க முடிந்தது. 2006ல் ஹார்வர்டு கென்னடி பள்ளி இதற்கு விருதே கொடுத்தது.

"இவ்வளவு நல்லா இருந்தா ஏன் சார் மாத்தணும்?"

நியாயமான கேள்வி. காரணங்களும் நியாயமானவையே.

மம்ப்ஸ் தெரிந்தவர்களுக்கு வயதாகிக்கொண்டே போனது. புதிதாகப் படித்து வரும் பிள்ளைகளுக்கு அந்த ஒற்றை எழுத்துக் கட்டளைகள் எங்கள் கையெழுத்து மாதிரி. ஒன்றும் புரியாது. ஒவ்வொரு மருத்துவமனையும் தன் வசதிக்கு மாற்றி மாற்றி, சுமார் 130 விஸ்டாக்கள் ஆகிவிட்டன. ராணுவத்தில் இருக்கும்போது எழுதிய ஆவணம் ஓய்வுக்குப் பின் ஒழுங்காக வந்து சேரவில்லை.

2015ல் ராணுவம், செர்னர் நிறுவனத்தின் மென்பொருளைத் தேர்ந்தெடுத்தது. 2017ல் நலத்துறையும் அதற்கே மாறுவதாக அறிவித்தது. 2018ல் ஒப்பந்தம். 10 ஆண்டுகள், 10 பில்லியன் டாலர்.

முதல் மாற்றம் 2020 அக்டோபரில், வாஷிங்டன் மாகாணம் ஸ்போகேன் நகர மருத்துவமனையில்.

இங்கேதான் பிரச்சனை வெடித்தது.

மருத்துவர் ஒரு பரிசோதனையோ, மறு வருகையோ, நிபுணர் ஆலோசனையோ எழுதுகிறார். அது போக வேண்டிய இடத்தைப் புதிய மென்பொருளால் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் என்ன செய்யும்? "போகல டாக்டர்" என்று திருப்பிச் சொல்லணும் இல்லீங்களா?

சொல்லவில்லை. "அடையாளம் தெரியாத வரிசை" என்ற ஒரு மூலையில் போட்டு வைத்தது. அப்படி ஒரு மூலை இருப்பதே அங்கு வேலை பார்த்த மருத்துவர்களுக்குத் தெரியாது.

11,000க்கும் மேற்பட்ட உத்தரவுகள் அங்கே விழுந்து கிடந்தன. 149 பாதிப்புகள் கணக்கெடுக்கப்பட்டன. 2022ல் அந்தத் துறையின் கண்காணிப்புத் தலைவர் அலுவலகம் வெளியிட்ட அறிக்கை இது.

அதில் ஒருவர் வீடில்லாதவர். மனநல ஆபத்தில் இருந்தவர். மனநல மருத்துவர் "ஒரு மாதத்தில் மறுபடி பார்க்கணும்" என்று எழுதினார். அந்த உத்தரவு மூலைக்குப் போய்விட்டது. யாரும் அவரை அழைக்கவில்லை. அவரே உதவி எண்ணுக்கு அழைத்தபோது நிலைமை மிக மோசமாகியிருந்தது. நல்லவேளை, மீட்டு மருத்துவமனையில் சேர்த்தார்கள்.

இடையில் 2022ல் ஆரக்கிள் நிறுவனம் செர்னரை வாங்கியது. ஐந்து மருத்துவமனைகள் மாறிய நிலையில், 2023 ஏப்ரலில் அரசு மற்ற இடங்களுக்கான மாற்றத்தை நிறுத்தி வைத்தது. 2024 மார்ச்சில் சிகாகோ அருகே ராணுவத்தோடு இணைந்து நடத்தும் ஒரு மருத்துவமனை மட்டும் மாறியது. மிச்சிகன் மாகாணத்தில் 2026ல் மீண்டும் தொடங்குவோம் என்று பிறகு அறிவித்தார்கள்.

ஆக, பழசே நல்லது என்கிறேனா? இல்லவே இல்லை.

அமெரிக்காவின் பெரிய மருத்துவமனைகள் பலவற்றில் ஓடும் "எபிக்" மென்பொருளின் அடித்தளம்கூட மம்ப்ஸ் வழி வந்ததுதான். மேல் தோற்றத்தைப் புதுப்பித்துக்கொண்டே, அடியில் பழைய மரத்தை வைத்திருக்கிறார்கள். மாற்றத்துக்குப் பல வழி உண்டு.

நான் சொல்ல வருவது ஒன்றுதான்.

நான் பயிற்சி மருத்துவராக இருந்த காலத்தில், ஒரு வார்டில் மூத்த சிஸ்டர் ஒருவர் கேஸ் ஷீட்டின் வலது மூலையில் சிவப்பு மையால் ஒரு வட்டம் போடுவார். அந்த நோயாளிக்கு ஏதோ மருந்து ஒத்துக்காது என்று அர்த்தம். எந்த விதிப் புத்தகத்திலும் அது இல்லை. பிறகு கணினிப் பதிவு வந்தது. எல்லாம் சுத்தமாக, அழகாக இருந்தது. ஆனால் அந்த சிவப்பு வட்டத்துக்கு மட்டும் இடம் இல்லை. சிஸ்டரிடம் யாரும் கேட்கவே இல்லை.

பழைய மென்பொருளில் விசித்திரமாகத் தெரியும் ஒவ்வொரு வரியும் அப்படி ஒரு சிவப்பு வட்டமாக இருக்கலாம். என்றைக்கோ ஒரு தவறு நடக்கப் பார்த்திருக்கும். ஒரு செவிலியர் பார்த்துச் சொல்லியிருப்பார். ஒரு புரோகிராமர் இரண்டு வரி சேர்த்திருப்பார். மொழியை மாற்றுங்கள். ஆனால் அந்த வரி ஏன் வந்தது என்று, அதைக் கேட்டு வாங்கியவரிடம் விசாரித்துவிட்டு மாற்றுங்கள்.

உங்களுக்கும் ஒரு வேண்டுகோள்.

எந்த மருத்துவமனையும் இன்று கணினிக்கு மாறிக்கொண்டுதான் இருக்கிறது. "எல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்கு" என்று டிஸ்சார்ஜ் சம்மரியைத் தூக்கிப் போடாதீர்கள். ஒத்துக்காத மருந்தை ஒவ்வொரு முறையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். மறுபடி வரச் சொல்லி அழைப்பதாகச் சொன்னவர்கள் அழைக்கவில்லை என்றால் காத்திருக்காதீர்கள், நேரில் போய்க் கேளுங்கள்.

உங்கள் பெயர் ஏதாவது ஒரு மூலையில் காத்துக் கிடக்கலாம்.