லிவிங்ஸ்டனின் மாமனார் வீடு

"மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்க சார்" என்று நண்பர்கள் கேட்டதும் நம் வரலாற்று வகுப்புதான் ஞாபகத்துக்கு வந்தது. ஆப்பிரிக்கா என்றால் டேவிட் லிவிங்ஸ்டன். பத்து மார்க் கேள்வி. அவருடைய மாமனார், மாமியாரைப் பற்றி யாரும் ஒரு மார்க்குக்குக்கூடக் கேட்டதில்லை. எனக்கோ வயது ஏற ஏற அந்த இருவர் மேல்தான் பிரியம் கூடுகிறது.

ராபர்ட் மொஃபட் ஸ்காட்லாந்துக்காரர், தோட்டவேலை பழகியவர். மேரி ஸ்மித் இங்கிலாந்துப் பெண். 1819 டிசம்பரில் கேப் டவுனில் கல்யாணம். லண்டன் மிஷனரி சங்கத்தின் ஊழியர்களாகத் தென்னாப்பிரிக்காவின் உட்பகுதியில் குருமான் என்ற ஊரில், ஸ்வானா மக்களிடையே தங்கினார்கள். 1870 வரை அதுதான் வீடு. நடுவில் ஒரே ஒரு தடவைதான் இங்கிலாந்து போய் வந்தார்கள்.

மேரியின் ஆரம்ப காலத்துக் கடிதம் ஒன்று உண்டு. வாரம் ஒரு முறையாவது அறைகளைச் சாணம் போட்டு மெழுகுகிறோம், முதலில் அருவருப்பாகத்தான் இருந்தது, இப்போது தூசி அடங்கவும் தெள்ளுப்பூச்சி சாகவும் இதைவிட வேறில்லை என்று ஊருக்கு எழுதுகிறார். நம் பாட்டிமார் கேட்டால் சிரித்திருப்பார்கள்!

தண்ணீருக்குக் குறைவில்லை. குருமான் ஊற்றில் நாள்தோறும் சுமார் 2 கோடி லிட்டர் சுரக்கிறது. வாய்க்கால் வெட்டிக் காய்கறியும் பழமரமும் வளர்த்தார்கள். கொல்லுவேலை, தச்சுவேலை எல்லாம் ராபர்ட்டே. எழுத்து வடிவம் இல்லாத ஸ்வானா மொழியைக் கற்று, 1831-ல் அச்சு இயந்திரம் கொண்டுவந்து, 1857-ல் முழு பைபிளையும் முடித்தார். ஆனால் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளவும் எனக்கு மனமில்லை. ஸ்வானா மக்களிடம் மத உணர்வின் சுவடே இல்லை என்று 1842-ல் வந்த தம் நூலில் எழுதினார். கடவுளுக்கு அவர் எடுத்தாண்ட 'மொதிமோ' என்ற சொல்லே அந்த மக்களுடையதுதானே?

மூத்த மகள் மேரியைத்தான் 1845-ல் லிவிங்ஸ்டன் மணந்தார். 1850 பயணத்தில் பிள்ளைகளுக்குக் காய்ச்சல்; திரும்பியதும் பிறந்த கைக்குழந்தை இறந்தது. மறு வருஷமே கர்ப்பிணி மனைவியோடு மறுபடி கிளம்பினார் மருமகன். இதென்ன அநியாயம் என்று மாமியார் எழுதிய கடிதத்தில் அனல் பறக்கிறது. மருமகன் கேட்கவில்லை, குழந்தை வழியில் ஓர் ஆற்றங்கரையில் பிறந்தது.

1858-ல் மகள் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தாள். அடுத்த வருஷம் ராபர்ட், 63 வயதில், மாட்டு வண்டியில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் போய் இன்யாட்டியில் புது மிஷன் தொடங்க உதவினார். மேரி குருமானில் வீட்டைப் பார்த்துக்கொண்டார். 1862 ஏப்ரலில் ஜாம்பெசி ஆற்றங்கரை ஷுபாங்காவில் மகள் காய்ச்சலில் இறந்தாள். அதே ஆகஸ்டில் மகன் ராபர்ட்டும் போய்விட்டான். ஆனாலும் கிழவரும் கிழவியும் இன்னும் எட்டு வருஷம் அங்கேயே இருந்தார்கள்.

1870 மார்ச்சில் கிளம்பியபோது இருவருக்கும் 74 வயது. ஜனங்கள் கூட்டமாக வண்டியோடு நடந்து வந்தார்களாம். அடுத்த ஜனவரியில் மேரி இங்கிலாந்தில் இறந்தார். ராபர்ட் 1883 வரை இருந்தார். 1874 ஏப்ரலில் லிவிங்ஸ்டனின் உடலை வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் அடக்கம் செய்தபோது, துக்கத்துக்கு வந்தவர்களில் 78 வயது மாமனாரும் ஒருவர்.