ஷெங்கன் வணிக விசா

ஷெங்கன் வணிக விசா: ஐரோப்பாவின் 29 நாடுகளுக்குள் தொழில் நிமித்தம் குறுகிய காலம் சென்றுவர வழங்கப்படும் ‘சி’ வகை நுழைவு அனுமதி. எந்த 180 நாட்களை எடுத்தாலும் தங்கும் காலம் 90 நாட்களைத் தாண்டக் கூடாது. பேச்சுவார்த்தை, ஒப்பந்தம், கண்காட்சி ஆகியவற்றுக்கு இது போதும். சம்பள வேலைக்குச் செல்லாது. அயர்லாந்தும் பிரிட்டனும் இதில் அடங்கா.

1985 ஜூன் 14இல் லக்சம்பர்க்கின் ஷெங்கன் கிராமத்தில் கையெழுத்தான உடன்படிக்கையே பெயருக்குக் காரணம். 2010 ஏப்ரல் முதல் பொது விசா விதித்தொகுப்பு நடைமுறையில் உள்ளது.

ஜெர்மனியின் கொலோன் நகரில் ஒற்றைப்படை ஆண்டுகளில் நடக்கும் அனுகா உணவுக் கண்காட்சிக்கு, லிட்டில் அந்தமானின் ஹட் பேயிலிருந்து ஒரு தேங்காய் அல்லது பாக்கு வியாபாரி புறப்படுவதாகக் கொள்வோம். அழைப்புக் கடிதம், வங்கிக் கணக்கு விவரம், 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு, திரும்பும் நாளுக்குப் பின்னும் மூன்று மாதம் செல்லுபடியாகும் பாஸ்போர்ட் ஆகியவை தேவை. 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. தாள்களைவிடப் பெரிய தடை கடல்தான்: முதன்முறை விண்ணப்பிப்பவர் கைரேகை பதிய விசா விண்ணப்ப மையத்துக்கு நேரில் வரவேண்டும். எனவே கப்பலில் போர்ட் பிளேர் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்), அங்கிருந்து விமானத்தில் சென்னை.

பதிந்த கைரேகை 59 மாதங்களுக்குச் செல்லும்.

பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் இடைவெளி வேண்டும். முடிவு வழக்கமாக 15 நாட்களில் வரும், சிக்கலானவற்றில் 45 வரை நீளும்.