உயிரோடிருப்போரின் வரலாறு: புறமும் அவதூறும்

காழீ இப்னு கல்லிகான் (மறைவு ஹி. 681 / கி.பி. 1282) தம் வரலாற்று அகராதிக்கு 'வஃபயாத்துல் அஃயான்' எனப் பெயரிட்டார். பெருமக்களின் மறைவுகள் என்பது அதன் பொருள். மறைவு ஆண்டை உறுதிசெய்ய முடிந்தவர்களையே சேர்ப்பது என்பது அவர் வகுத்துக்கொண்ட நெறி. அந்நெறிப்படி உயிரோடிருப்பவர் எவருக்கும் அந்நூலில் இடமில்லை.

இருநூறு ஆண்டுகளுக்குப் பின் கெய்ரோவில் அந்த வரம்பு மீறப்பட்டது. இமாம் ஸகாவீ (மறைவு ஹி. 902 / கி.பி. 1497) ஹிஜ்ரி 9ஆம் நூற்றாண்டின் மக்களைப் பற்றி 'அள்ளவ்உல் லாமிஃ' என்னும் பெருநூலை எழுதினார். அச்சில் 12 பாகங்கள். இறுதிப் பாகம் முழுவதும் பெண்களுக்கு உரியது. அதில் இடம்பெற்றோருள் அப்போது உயிரோடிருந்தவர்களும் உண்டு. அவர்களில் ஒருவர் இமாம் ஜலாலுத்தீன் ஸுயூத்தீ. பிறர் நூல்களைத் தமதாக்கிக்கொண்டவர் என்று அவரைக் குறித்து ஸகாவீ எழுதிவிட்டார். ஸுயூத்தீ வாளாவிருக்கவில்லை. 'அல்காவீ', அதாவது சூடு போடுபவன், என்ற தலைப்பில் மறுப்பு எழுதினார். வரலாறு என்ற பெயரில் ஸகாவீ மனிதர்களின் இறைச்சியை உண்கிறார் என்பது குற்றச்சாட்டு. ஸூரா ஹுஜுராத்தின் எந்த வசனத்தை அது சுட்டுகிறது என்பதை வாசகர்க்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

ஸகாவீயிடமும் விடை இருந்தது. ஹதீஸ் அறிவிப்பாளர்களின் குறைகளை எடுத்துரைப்பது எந்தத் தேவையால் ஆகுமானதோ, அதே தேவை வரலாற்றாசிரியனுக்கும் உண்டு என்றார் அவர். இமாம் நவவீ 'ரியாளுஸ் ஸாலிஹீன்' நூலில் புறம் பேசுதல் அனுமதிக்கப்படும் ஆறு இடங்களை எண்ணிச் சொல்லியிருக்கிறார். அறிவிப்பாளர் விமர்சனம் அவற்றுள் அடங்கும். ஆயினும் சமகாலத்தவர் ஒருவர் மற்றவரைப் பழிக்கும் சொல்லை எளிதில் ஏற்கலாகாது என இமாம் தஹபீ எச்சரித்திருந்ததை இவ்விடத்தில் மறந்துவிட முடியாது. இவ்வழக்கில் ஸகாவீயை முழுமையாக விடுவிக்க நமக்கு மனம் வரவில்லை.

இதே வழக்கு நம் காலத்தில் கணினித்திரையில் எழுந்தது. 2001 ஜனவரியில் தொடங்கிய இணையக் கலைக்களஞ்சியமான விக்கிப்பீடியாவில் எவரும் எழுதலாம், எவரும் திருத்தலாம். 2005 மே மாதம், அமெரிக்க இதழாளர் ஜான் சீகந்தாலரைப் பற்றிய ஒரு சிறு கட்டுரையைப் பெயர் தெரியாத ஒருவர் அதில் சேர்த்தார். கென்னடி சகோதரர்கள் இருவரின் கொலையிலும் சீகந்தாலருக்குத் தொடர்பு இருக்கலாமெனக் கருதப்பட்டதாக அதில் எழுதியிருந்தது. அவரோ ராபர்ட் கென்னடியிடம் பணியாற்றியவர். அவருடைய சவப்பெட்டியைச் சுமந்தவர்களில் ஒருவர். நான்கு மாதங்களுக்கும் மேலாக அந்தப் பொய் அங்கேயே கிடந்தது. உடன் பணிபுரிந்தவரிடம் வேடிக்கை காட்டவே எழுதினேன் என்று எழுதியவர் பின்னர் ஒப்புக்கொண்டார்.

2005 நவம்பர் இறுதியில் சீகந்தாலர் நாளிதழில் எழுதிய பிறகே உலகம் விழித்தது. உயிரோடிருப்போர் பற்றிய தனிக்கொள்கை அடுத்த மாதமே ஆங்கிலப் பதிப்பில் உருவாகத் தொடங்கியது. சர்ச்சைக்குரிய செய்திக்குச் சான்று இல்லையெனில் விவாதத்துக்குக் காத்திராமல் உடனே நீக்க வேண்டும் என்பது அதன் உயிர்நாடி. ஒருவர் தம் சொந்தப் பொறுப்பில் வெளியிட்ட எழுத்தை இன்னொருவரைப் பற்றிய சான்றாகக் கொள்ளக்கூடாது. மறைந்தவருக்கும் சில மாதங்கள் முதல் இரண்டாண்டு வரை இக்காப்பு நீளக்கூடும் என்பதைக் கண்டபோது நமக்கு இப்னு கல்லிகானின் நினைவு வந்தது.

ஆனால் ஒரு பெரும் வேறுபாடு உண்டு. ரிஜால் கலையில் சொன்னவர் யார் என்பதே முதற் கேள்வி. கலைக்களஞ்சியத்தில் எழுதுபவர் புனைபெயரில் மறைந்திருக்கிறார். எனவே நம்பிக்கை ஆளிடமிருந்து மேற்கோளுக்கு நகர்கிறது. மேற்கோளும் ஏமாற்றும். 2009 பிப்ரவரியில் ஜெர்மனியின் பொருளாதார அமைச்சராகவிருந்த கார்ல் தியோடர் சு குட்டன்பெர்க்கின் நீண்ட பெயர் வரிசையில் 'வில்ஹெல்ம்' என்ற ஒரு பெயரை யாரோ செருகினார். நாளிதழ்கள் அதைப் பார்த்து அச்சிட்டன. ஐயம் எழுந்தபோது, 'ஷ்பீகல்' இதழின் இணையப் பதிப்பே சான்றாக முன்வைக்கப்பட்டது! ஹதீஸ் கலையினர் இத்தகைய வழிகளை எண்ணிப் பார்த்து மகிழமாட்டார்கள். அவையெல்லாம் எந்த ஒற்றை மனிதரிடம் போய்ச் சேர்கின்றன என்றே தேடுவார்கள்.

சான்று கிடைத்துவிட்டால் எதையும் எழுதலாமா என்பது இதனினும் நுட்பமான கேள்வி. ஒருவரிடம் இல்லாததைச் சொன்னால் அது அவதூறு, இருப்பதையே அவர் வெறுக்கும்படி சொன்னால் அது புறம் என நபி (ஸல்) அவர்கள் பிரித்துக் காட்டினார்கள். சீகந்தாலருக்கு நேர்ந்தது அவதூறு. அதற்குச் சான்று கேட்பதே மருந்து. புறத்துக்கு அது மருந்தாகாது, ஏனெனில் புறம் உண்மையானது. ஒருவரின் பிறந்த நாள், வீட்டு முகவரி, வீட்டின் மதிப்பு, வாகனப் பதிவு ஆகியன அரசுப் பதிவேடுகளில் மறுக்கவியலாத சான்றோடு கிடைக்கக்கூடும். எனினும் அவற்றை அப்பதிவேடுகளிலிருந்து எடுத்தெழுதலாகாது என்று அக்கொள்கை இன்று தடுக்கிறது. பிறந்த நாளை அவரே மறுத்தால் ஆண்டோடு நிறுத்திக்கொள்ளச் சொல்கிறது. இமாம் நவவீயின் 'தேவை' என்னும் அளவுகோலுக்கு இது அருகில் வருவதாகவே நாம் கருதுகிறோம்.

ஸுயூத்தீயிடம் எழுதுகோல் இருந்தது. சீகந்தாலருக்கு நாளிதழ் இடம் தந்தது. இவ்விரண்டும் இல்லாத, அதிகம் அறியப்படாத ஒருவரைப் பற்றி எழுதும்போது, அவர் எதனால் அறியப்பட்டாரோ அதோடு தொடர்புடையதை மட்டுமே சேர்க்க வேண்டும் என அக்கொள்கையில் ஒரு பிரிவு இருக்கிறது. தம் பக்கத்தில் பிழை கண்டவர் மின்னஞ்சல் வழியே முறையிடலாம்; அதைப் படித்துத் திருத்துவோர் பெரும்பாலும் ஊதியமில்லாத் தொண்டர்களே.