சுட்ட பனம்பழம்: மணக்க மணக்க ஒரு கிராமத்து இனிப்பு... உடம்புக்கு என்ன நல்லது?

ஆடி, ஆவணி வந்தால் செஞ்சி, சீயமங்கலம் பக்கம் பனைமரத்தடியில் 'பொத்'தென்று பழம் விழும். எடுத்து நெருப்பில் போட்டால் தெருவே மணக்கும். மாவு வேண்டாம், எண்ணெய் வேண்டாம். ஆனால், இன்று பல இடங்களில் அந்தப் பழம் எடுக்க ஆளில்லாமல் மண்ணோடு மக்கிப் போகிறது.

எப்படிச் சுடுவது?

பழத்தின் மேல் மூடியைப் பிய்த்துவிட்டு, காய்ந்த ஓலை, சருகு போட்ட நெருப்பில் திருப்பித் திருப்பிச் சுட வேண்டும். தோல் கருகியதும் உரித்தால், உள்ளே ஆரஞ்சு நிறச் சதை. நாரோடு சப்பிச் சாப்பிட வேண்டியதுதான். பச்சையாகச் சாப்பிட்டால் லேசான கசப்பு இருக்கும். சுட்டால் இனிப்பு தூக்கலாகத் தெரியும். சிலர் வெல்லமோ கருப்பட்டியோ சேர்த்து வேகவைப்பார்கள்.

என்ன சத்து இருக்கு?

கேரட்டுக்கு நிறம் தரும் பீட்டா கரோட்டின் இதிலும் உண்டு. உடம்பு அதை வைட்டமின் ஏ-வாக மாற்றிக்கொள்ளும். கண்பார்வைக்கும் நோய் எதிர்ப்பு சக்திக்கும் அது தேவை. கூடவே தேங்காய் போலக் கொழுப்புள்ள ஏதாவது சாப்பிட்டால் இந்தச் சத்து நன்றாகச் சேரும். நார்ச்சத்தும் உண்டு.

யார் கவனமாக இருக்கணும்?

இது இனிப்புப் பழம். சர்க்கரை நோயாளிகள் அளவோடு சாப்பிடுவது நல்லது, கருப்பட்டி சேர்த்தால் இன்னும் கவனம் தேவை. பூஞ்சை பிடித்த, புழு வைத்த பழத்தைத் தொடவே வேண்டாம்.

யாழ்ப்பாணத்தில் எப்படி?

அங்கே பனங்களியைப் பாயில் ஊற்றி வெயிலில் காயவைத்து 'பனாட்டு' செய்வார்கள். பனங்காய்ப் பணியாரமும் பிரபலம்.

கொட்டையைத் தூக்கிப் போடாதீங்க!

சப்பிய கொட்டையை மண்ணில் புதைத்தால் பொங்கலுக்குப் பனங்கிழங்கு ரெடி. கிழங்கைப் பிடுங்காமல் விட்டால் அதுவே மரம். ஆனால் காய்க்க 12 முதல் 15 ஆண்டுகளுக்கு மேல் ஆகும், அதுவும் பெண் பனை மட்டுமே காய்க்கும். அதனால் ஒரு மரத்தை வெட்டினால் இழப்பு ஒரு தலைமுறைக்கு. தமிழகத்தின் மாநில மரமான பனையை வெட்ட கலெக்டர் அனுமதி கட்டாயம் என 2021 வேளாண் பட்ஜெட்டில் அறிவித்ததும் இதனால்தான்.

அடுத்த முறை செஞ்சிக் கோட்டைக்கோ, மகேந்திரவர்மன் காலத்து சீயமங்கலம் குகைக் கோயிலுக்கோ போகும்போது பனம்பழம் கண்ணில் பட்டால் விட்டுடாதீங்க. சாப்பிட்ட பிறகு கொட்டையை ஏரிக்கரையில் புதைச்சிட்டு வாங்க.