தண்டவாள டிராலிகளும் பாயிண்ட்–கிராசிங்குகளும்

பாதைப் பராமரிப்புக்கென ரயில்வே ஊழியர்கள் ஓட்டும் இலகு வண்டிகள் பலவகை: கையால் இயக்கும் டிராலி, மிதிவண்டி போன்ற வெலாசிபீட், மோட்டார் டிராலி, ரப்பர் டயரோடு ரயில் சக்கரமும் பூட்டிய லாரி. நேர்ப்பாதையில் இவற்றுக்குச் சங்கடம் குறைவு. பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில்தான் தடம் புரளும் ஆபத்து அதிகம். காரணம் எளிது: அந்த அமைப்பு கனரக ரயில்களை மனத்தில் வைத்தே வடிவமைக்கப்பட்டது. ரயிலுக்காகச் செய்யப்பட்ட பல முன்னேற்றங்கள் டிராலிக்குப் புதுத் தொல்லையாகவே முடிந்தன. இந்த வரலாறு மிகத் தெளிவாகத் தெரிவது வட அமெரிக்காவில்.

பிரிவிடத்தில் இரண்டு பகுதிகள் முக்கியம். கூராகச் சீவிய நாக்குத் தண்டவாளங்கள் நகர்ந்து சக்கரத்தைத் திருப்பும் பகுதி பாயிண்ட். ஒரு பாதையின் தண்டவாளம் மற்றதைக் குறுக்கே வெட்டிச் செல்லும் பகுதி கிராசிங். சக்கர விளிம்பு நுழைந்து போக, கிராசிங்கில் இடைவெளி விட்டே ஆக வேண்டும். ரயில் சக்கரம் ஏறத்தாழ 14 செ.மீ. அகலமானது, ஆகவே பக்கத்தில் உள்ள விங் ரெயிலில் பாதி ஊன்றியபடியே எதிரே இரு தண்டவாளங்களும் கூராகச் சேரும் மூக்கின் மேல் ஏறிவிடும். அதே அச்சின் மறுமுனைச் சக்கரத்தைச் செக் ரெயில் உட்புறமிருந்து பிடித்து, விளிம்பு தவறான சந்துக்குள் போகாமல் காக்கும். டிராலிச் சக்கரம் ஒடுக்கமானது, சிறியது. அமெரிக்கச் சரக்கு வண்டியின் சக்கரம் 33 அல்லது 36 அங்குல விட்டம் கொண்டது; மோட்டார் டிராலியில் பெரும்பாலும் 14 முதல் 20 அங்குலம்தான். இடைவெளியில் அது சட்டென்று இறங்கி, மூக்கில் மோதி ஏறும். உட்கார்ந்திருப்பவரின் முதுகெலும்புக்கு அது நன்றாகவே தெரியும்.

மிச்சிகன் மாநிலத்தின் திரீ ரிவர்ஸ் ஊரைச் சேர்ந்த ஜார்ஜ் ஷெஃபீல்டு 1877 வாக்கில் மூன்று சக்கர வெலாசிபீட் ஒன்றைச் செய்து, 1879-இல் காப்புரிமை பெற்றார். ஒரு தண்டவாளத்தில் இரண்டு சக்கரம். எதிர்த் தண்டவாளத்தில் நீண்ட கையின் நுனியில் ஒரு சிறு சக்கரம். பிரிவிடம் அதற்குப் பெரிய பிரச்சினையாக இருந்திருக்காது. வேகமும் குறைவு, வேண்டாமென்றால் ஓட்டுபவர் இறங்கித் தூக்கி வைத்துவிடலாம்.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெட்ரோல் எஞ்சின் வந்தது. மின்னசோட்டாவின் ஃபேர்மான்ட் நகரில் தொடங்கிய நிறுவனம், கை டிராலிகளில் பூட்டும் எஞ்சின்களைச் செய்து, பிறகு முழு வண்டிகளையே தயாரித்து இத்தொழிலில் முன்னணிக்கு வந்தது. ‘ஸ்பீடர்’ என்று பெயர் பெற்ற இவ்வண்டிகள் வேகத்தைக் கூட்டின. எடை மட்டும் கூடாமல் பார்த்துக்கொண்டார்கள், ரயில் வரும்போது ஆட்கள் தூக்கி ஓரம் கட்ட வேண்டுமே! வேகமும் இலகு எடையும் சேர்ந்ததுதான் வினை.

பாயிண்ட்டில் ஆபத்து, திசையைப் பொறுத்தது. நாக்கின் நுனியை நோக்கி வரும்போது, நாக்கு தண்டவாளத்தோடு ஒட்டாமல் மயிரிழை விலகியிருந்தாலும் சிறு சக்கரம் அதில் ஏறிவிடலாம். எதிர்த் திசையில் வரும் ரயில், தனக்கு மாறாக வைக்கப்பட்ட பாயிண்ட்டைக்கூட நெட்டித் தள்ளிக்கொண்டு போகும். பாயிண்ட் கெடும், அது வேறு கதை. ஸ்பிரிங் பாயிண்ட் அப்படித் தள்ளப்படவே செய்யப்பட்டது. ஸ்பீடருக்கு அந்தப் பலம் இல்லை. இறங்கி, நெம்புகோலை இழுத்துப் பாயிண்ட்டை மாற்றி, கடந்த பின் பழையபடி வைத்துவிட்டுத்தான் போக வேண்டும்.

கிராசிங்குகளில் இரண்டு வகைகளை ஸ்பீடர்காரர்கள் தனியே கவனிப்பார்கள். முதலாவது ஸ்பிரிங் கிராசிங். முக்கியப் பாதையில் ரயில்கள் மிகுதியாகவும் கிளைப்பாதையில் அரிதாகவும் ஓடும் இடங்களுக்கு உரியது இது. ஒரு பக்க விங் ரெயிலை ஸ்பிரிங் மூக்கோடு அழுத்தி வைத்திருக்கும். முக்கியப் பாதையில் இடைவெளியே இல்லை, சக்கரம் வழுக்கிக்கொண்டு போகும். கிளைக்குத் திரும்பும் ரயிலின் சக்கர விளிம்பு அந்த விங் ரெயிலை ஒதுக்கி வழி செய்துகொள்ளும். 130 டன் எடையுள்ள சரக்குப் பெட்டியின் ஒரு சக்கரம் 16 டன்னுக்கு மேல் சுமக்கிறது. அரை டன் ஸ்பீடரில் ஒரு சக்கரத்துக்கு 125 கிலோ. ஸ்பிரிங் அசையாது; விளிம்பு விங் ரெயில் மேல் ஏறும்; வண்டி தரையில் இறங்கும். முக்கியப் பாதையில் மிகவும் சுகமான கிராசிங், கிளைப்பாதையில் மிகவும் பொல்லாதது. அங்கே நிறுத்தி, வண்டியின் சட்டத்தில் உள்ள கைப்பிடிகளை வெளியே இழுத்து, தூக்கிக் கடத்துவதே வழி.

இரண்டாவது வகையில் செக் ரெயில் கிடையாது. யார்டுகளிலும் வேகம் குறைந்த பாதைகளிலும் இடம்பெறும் இந்த மாங்கனீஸ் எஃகு வார்ப்பில், மூக்கின் இருபுறமும் தண்டவாள மட்டத்துக்கு மேலே எழும் தடுப்புகள் உண்டு. அகலமான ரயில் சக்கரத்தின் வெளிமுகத்தை அவை உரசி, நேர்வழியில் தள்ளுகின்றன. ஒடுக்கமான ஸ்பீடர் சக்கரத்தின் வெளிமுகம் தடுப்பைத் தொடுவதே இல்லை. எதிர்ப்புறம் செக் ரெயிலும் இல்லாததால் விளிம்பு மூக்கின் எந்தப் பக்கமும் போகலாம். பார்வைக்கு ஸ்பிரிங் கிராசிங்கைவிடச் சாதுவாகத் தெரிவதால், அனுபவமில்லாதவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் இதில்தான் என்று கருத இடமுண்டு.

வடிவத்தில் தெரியாத ஆபத்து ஒன்றும் உண்டு. 1872-இல் வில்லியம் ராபின்சன் உருவாக்கிய தண்டவாள மின்சுற்று, சக்கரங்கள் இரு தண்டவாளங்களையும் மின்னால் இணைப்பதைக்கொண்டு ரயிலின் இருப்பை அறிகிறது. டிராலி ஏறும்போதெல்லாம் சிக்னல் சிவப்பாகாமல் இருக்க அதன் சக்கரங்களுக்கு மின்காப்பு செய்தார்கள். அதனால் சிக்னல் முறையின் கண்ணுக்கு டிராலி தெரியாது. 1927-இல் ஒஹாயோவில் தொடங்கி, தொலைவிலிருந்தே பாயிண்ட்டை இயக்கும் முறை பரவியது. ரயில் மேலே இருந்தால் பாயிண்ட் பூட்டிக்கொள்ளும். டிராலிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை, அதன் அடியிலேயே பாயிண்ட் நகரலாம். ஆகவே கட்டுப்பாட்டாளரின் அனுமதிதான் டிராலிக்கு உண்மையான பூட்டு.

இந்திய ரயில்வேயின் தள்ளு டிராலிக்கும் மின்காப்புச் சக்கரங்களே. பொறியாளர் அமர்ந்திருக்க, டிராலிமேன்கள் தண்டவாளத்தின் மேலேயே ஓடித் தள்ளி, வேகம் பிடித்ததும் ஏறிக்கொள்வார்கள். ஆள் பலம் கூடவே வருவதால், இடறினால் தூக்கி வைப்பது அங்கே பெரிய வேலையில்லை.

மூக்கே நகர்ந்து இடைவெளியை மூடும் கிராசிங், அதிவேக ரயில்களுக்காகப் பரவியது. பாதை சரியாக அமைந்திருந்தால் மிக இலகுவான வண்டிக்கும் இதுவே உகந்தது. ஆனால் அது பரவிய காலத்தில் ஸ்பீடர்கள் பணியிலிருந்து விலகத் தொடங்கிவிட்டன. சாலையிலும் தண்டவாளத்திலும் ஓடும் லாரிகள் அவற்றின் இடத்தைப் பிடித்தன. லாரியின் எடையை ரப்பர் டயர்களும் வழிகாட்டும் சிறு சக்கரங்களும் பகிர்ந்துகொள்வதால் சிறு சக்கரத்தின் மேல் பாரம் குறைவு. டயர் ஏதாவது மேடான தடுப்பில் ஏறினால் அந்தப் பாரமும் போய்விடும். கழித்துவிடப்பட்ட ஸ்பீடர்களை ஆர்வலர்கள் வாங்கினார்கள். 1980-இல் தொடங்கிய அவர்களுடைய வட அமெரிக்கச் சங்கம், உரிய அனுமதியோடு இன்றும் அவற்றை ஓட்டுகிறது.