நைனாவின் பேஜ்மேக்கர் ஃபைல்

2003-ல் நைனா ஒரு புத்தகம் எழுதினார். புத்தகம்னு சொன்னால் கொஞ்சம் அதிகம். எண்பது பக்கம், அரக்கோணத்தில் ஒரு டிடிபி கடையில் அடித்து, பத்துப் பிரதி ஸ்பைரல் போட்டது. திருவாலங்காடு, பக்கத்துப் பழையனூர், வயல்களின் பெயர்கள், ஏரி மதகுகள், நீலி கதை, செப்பேடு எல்லாம் அதில் உண்டு. தமிழ் வாத்தியாராக இருந்து ரிட்டையர் ஆனவர், கேட்டுக் கேட்டுச் சேர்த்தது.

இப்போது அவருக்கு 81 வயது. கண் அழுத்த நோய் முற்றிவிட்டது, படிக்க முடியாது. போன் வாய்விட்டுப் படிப்பதைக் கேட்கப் பழகிக்கொண்டார். போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது, "நான் எழுதினதை இதுல போட்டா படிக்காதாடா?" என்று கேட்டார். ஸ்பைரல் பிரதி ஒன்றுதான் மிச்சம், அதிலும் கரையான். சிடி என்னிடம் இருந்தது. பேஜ்மேக்கர் இன்னும் ஓடுகிற ஒரு கடையைத் தேடிப் பிடித்து, டெக்ஸ்டை மட்டும் எடுத்துப் போனில் போட்டேன். 'தமிழ்' என்று இருக்கவேண்டிய இடத்தில் போன் ஆங்கிலத்தில் வாசித்தது: ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஒரு அரைப்புள்ளி.

நைனா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த ஃபைலை மாற்றியிருக்க வேண்டியவன் நான்தான். 2010-லேயே யோசித்தேன். 'ஓடுறதைத் தொடாதே' என்கிற ஆபீஸ் புத்தியில் தள்ளிப்போட்டேன்.

அது பாமினி எழுத்துரு. அதில் தமிழ் என்று எதுவும் கிடையாது. ஆங்கில 'ஜே' இருக்கிற இடத்தில் 'த' மாதிரி ஒரு படம், 'கே' இடத்தில் 'ம' மாதிரி ஒரு படம், அவ்வளவுதான். கம்ப்யூட்டருக்கு அது கடைசிவரை ஆங்கிலம். 1990-களில் எல்லாரும் இப்படித்தான் சமாளித்தார்கள். ஒவ்வொரு பத்திரிகைக்கும், ஒவ்வொரு மென்பொருள் கம்பெனிக்கும் தனித்தனி எழுத்துரு. ஒன்றில் அடித்ததை இன்னொன்றில் திறந்தால் குப்பை.

இதைச் சரிசெய்ய இரண்டு பக்கமிருந்து முயற்சி நடந்தது. இணையத்தில் எழுதிக்கொண்டிருந்த தமிழர்கள் மடற்குழுவில் பேசிப் பேசி டிஸ்கி என்ற குறியாக்கத்தைக் கொண்டுவந்தார்கள். 1998-ல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் பழைய நூல்கள் அதில் ஏறின. தமிழக அரசு 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட்99 மாநாட்டை நடத்தி, டாம், டாப் என்று இரண்டு குறியாக்கங்களையும், இன்றும் பலர் தட்டும் தமிழ்99 விசைப்பலகையையும் தரப்படுத்தியது. ஆக, குழப்பத்தைத் தீர்க்க வந்ததே மூன்று தரம். (எங்கள் தொழிலில் இது புதிசில்லை.)

இதற்கெல்லாம் முன்னாடியே, 1991-ல் யூனிகோடின் முதல் பதிப்பில் தமிழ் இடம்பெற்றுவிட்டது. இந்திய அரசின் இஸ்கியை ஒட்டி, எல்லா இந்திய எழுத்துக்கும் ஒரே மாதிரி 128 இடம். அகரமேறிய 'க' ஒரு குறி. 'க்' வேண்டுமென்றால் 'க'வோடு புள்ளி, அதாவது இரண்டு குறி. மெய்தான் அடிப்படை என்று இலக்கணம் படித்தவர்களுக்கு இது தலைகீழ். 247 எழுத்துக்கும் தனித்தனி இடம் கொடு என்று கேட்டார்கள். கேட்டதில் நியாயம் இருந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 'தமிழ்' என்ற சொல் யூனிகோடில் ஐந்து குறி, யூடிஎஃப்-8-ல் 15 பைட். பாமினியில் 5 பைட். எழுத்துக்கு ஒரு குறி கொடுக்கும் டேஸ்16 முறையில் த, மி, ழ் என மூன்றே குறி, 6 பைட்.

ஆனால் ஒருமுறை கொடுத்த இடத்தை யூனிகோடு மாற்றாது, நீக்காது. அதன் பலமே அந்தப் பிடிவாதம்தான். விண்டோஸ் 2000 லதா எழுத்துருவோடு யூனிகோடு தமிழை உள்ளேயே வைத்துக் கொடுத்த பிறகு, எது சிறந்தது என்ற வாதம் மெல்ல 'எது எல்லா மெஷினிலும் இருக்கிறது' என்பதாக மாறிப்போனது. 2010 ஜூன் 23, கோவையில் செம்மொழி மாநாடு தொடங்கிய அன்று, தமிழக அரசு யூனிகோடையும், யூனிகோடு வேலை செய்யாத இடங்களுக்கு டேஸ்16-ஐயும் தரமாக அறிவித்தது.

'யூனிகோடு வேலை செய்யாத இடம்' என்றால் முக்கியமாக அச்சுத் தொழில். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001-ல் வந்த 7.0. அதற்கு யூனிகோடு தமிழ் தெரியாது. கல்யாணப் பத்திரிகை அடிக்கிற கடைக்காரர் அதை விடவில்லை என்று நாம் கிண்டல் பண்ணுவோம். அவரிடம் இருபது வருஷத்து டிசைன்கள் இருக்கின்றன, ஓடுகின்றன, வாடிக்கையாளர் கேட்பது காகிதத்தில் அச்சு. அவர் ஏன் மாறணும்? மாறவேண்டிய கட்டாயம் தேடுகிறவருக்கும், கேட்கிறவருக்கும், கண் தெரியாதவருக்கும்தான். செலவு ஒருத்தருக்கு, பலன் இன்னொருத்தருக்கு. ஆபீஸில் நான் பார்த்த மைக்ரேஷன் சண்டை பாதிக்கும் மேல் இதுதான்.

சரி, மாற்றுவது என்று முடிவு செய்தேன். கன்வர்ட்டர்கள் இணையத்தில் சும்மா கிடைக்கின்றன. ஒன்றில் போட்டேன், 'வெளி' எல்லாம் 'வௌி' ஆகி வந்தது. செய்தித் தளங்களில் 'வௌியீடு', 'வௌ்ளி' என்று நீங்களும் பார்த்திருப்பீர்கள். காரணம் இதுதான். பாமினி கண்ணுக்குத் தெரியும் வரிசையில் எழுத்தைச் சேமிக்கும்: முதலில் கொம்பு, பிறகு 'வ', பிறகு 'ள'. ஔகாரத்தின் பின்பாதிக்கும் அதே 'ள'தான். அந்த 'ள' தனி எழுத்தா, ஔகாரத்தின் பாதியா என்று கன்வர்ட்டருக்குத் தெரியாது.

நானே பைத்தானில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். தமிழில் ஔகாரச் சொற்கள் கொஞ்சம்தான்: வௌவால், மௌனம், கௌரி, பௌர்ணமி இப்படி. அவற்றைப் பட்டியல் போட்டு, மற்றதெல்லாம் 'எ'கரமும் 'ள'வும் என்று வைத்தேன். அடுத்த சிக்கல் டைப்பிஸ்ட் செய்தது. 'ர்' அடிக்கவேண்டிய இடத்தில் துணைக்காலுக்குப் புள்ளி வைத்திருக்கிறார். காகிதத்தில் வித்தியாசமே தெரியாது. தேடினால் 'அவர்' கிடைக்காது, போனும் உளறும்.

இங்கேதான் நைனாவின் செப்பேட்டு அத்தியாயம் குறுக்கே வந்தது. திருவாலங்காட்டுச் செப்பேடு 1905-ல் கிடைத்தது. 31 ஏடுகள், வளையத்தில் கோத்து ராஜேந்திர சோழனின் முத்திரையிட்டவை. அவனுடைய ஆறாம் ஆட்சியாண்டில் பழையனூரைக் கோயிலுக்குக் கொடுத்த ஆவணம். 1920-ல் கிருஷ்ண சாஸ்திரி பதிப்பித்தார். அக்காலத் தமிழ் எழுத்தில் புள்ளி பெரும்பாலும் வைக்கமாட்டார்கள். எகரம், ஏகாரம் இரண்டுக்கும் ஒரே கொம்பு. இரட்டைச் சுழி வீரமாமுனிவர் காலத்தில் வந்தது. ரகரமும் துணைக்காலும் ஒரே கோடு. அரக்கோணத்து டைப்பிஸ்ட் செய்ததைத்தான் பழைய எழுத்தர்களும் செய்தார்கள். வாசித்தவர்களுக்கு மொழி தெரிந்ததால் எழுத்தைப் பிரித்துக்கொண்டார்கள். அந்த வேலையைத்தான் இப்போது நான் ஸ்கிரிப்டுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் செப்பேட்டிலேயே ஒரு பிற்சேர்க்கை உண்டு. முன்னால் இருக்கும் வடமொழிப் பகுதி கடாரப் படையெடுப்பைப் பேசுகிறது. ஆறாம் ஆட்சியாண்டில் அது நடக்கவே இல்லை. எனவே அது சில ஆண்டுகள் கழித்துச் சேர்ந்தது என்பது ஆய்வாளர் கருத்து. அந்தப் பகுதி கிரந்தத்தில் இருக்கிறது. கிரந்தத்துக்கு யூனிகோடில் இடம் கிடைத்தது 2014-ல், அதுவும் இங்கே பெரிய எதிர்ப்பும் வாதமும் நடந்த பிறகு.

நைனாவின் புத்தகத்தில் நில அளவு வருகிற இடமெல்லாம் வெற்றிடம். மா, காணி, முந்திரி என்று இருபதில் ஒன்று, எண்பதில் ஒன்று, முந்நூற்றிருபதில் ஒன்று. இந்தக் குறிகள் பாமினியில் இல்லை, அதனால் பிரிண்ட் எடுத்தபின் பத்துப் பிரதியிலும் பேனாவால் எழுதினார். இந்தப் பின்னக் குறிகள் யூனிகோடில் சேர்ந்தது 2019-ல். 2010-ல் நான் சுறுசுறுப்பாக மாற்றியிருந்தால் அந்த இடங்களில் ஏதோ சைபர் போட்டு முடித்திருப்பேன். தள்ளிப்போட்டது இந்த ஒரு விஷயத்தில் நல்லதாகப் போச்சு. ஆனால் நைனா நேரடியாகச் சரிபார்த்திருக்கக்கூடிய ஒன்பது வருஷத்தை அதற்கு விலையாகக் கொடுத்தேன், அதையும் சொல்லணும்.

வெற்றிடங்கள் 64. கரையான் விட்டுவைத்த பக்கங்களில் 51 தெரிகிறது. மீதி 13-க்கு நைனாவிடம் உட்கார்ந்தேன். போன் ஒவ்வொரு பத்தியாக வாசிக்க, வெற்றிடம் வந்ததும் நிறுத்தினேன். எட்டு இடத்துக்கு யோசிக்காமல் சொன்னார். இரண்டுக்கு மதகின் பெயரைச் சொல்லி, பக்கத்து நிலத்தின் அளவிலிருந்து கணக்குப் போட்டார். மூன்றுக்கு, "ஞாபகம் இல்லடா, காலியாவே விடு" என்றார்.

விட்டிருக்கிறேன். புதிய ஃபைலில் அந்த மூன்று இடத்திலும் சதுர அடைப்புக்குறி. பழைய பேஜ்மேக்கர் ஃபைலை அழிக்கவில்லை, அதே போல்டரில் கிடக்கிறது. போன் இப்போது 'பழையனூர்' என்று ஒழுங்காகச் சொல்கிறது. அதன் ழகரம் சரியில்லை என்பது மட்டும் நைனாவின் புகார்.